டிராக்டருக்குப் புது டயர்... டிரெய்லருக்குப் பழசு போதுமா?

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தஞ்சை மாவட்டத்துச் சாலைகளில் டிராக்டர் சத்தம் ஓயாது. களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல், வயலிலிருந்து வீட்டுக்கு வைக்கோல், குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு என எல்லாமே டிரெய்லரில் போகிறது. கூடவே, டயர் கிழிந்து சாலையோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் டிரெய்லரும் டெல்டா மக்களுக்குப் பழகிய காட்சிதான்.

‘வெயிலுக்கு டயர் வெடிச்சிடுச்சு’ என்று பழியை வெயிலின் மேல் போட்டுவிடுகிறோம். ஆனால், பெரும்பாலான டயர்கள் வெடிப்பதற்கு வெகு முன்பே கெட்டுப்போயிருக்கும்.

மிஞ்சியது டிரெய்லருக்கு!

டிராக்டருக்கான டயரை விவசாயிகள் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். சேற்றில் பிடிமானம் வேண்டுமே! டிரெய்லருக்கு அந்தக் கவலை இல்லை, பின்னால் உருண்டு வந்தால் போதும் என்று நினைக்கிறோம். அதனால் லாரியில் ஓடித் தேய்ந்தது, ரீட்ரெட் போட்டது, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன.

ஆனால், சுமையைத் தாங்குவது அந்தச் சக்கரங்கள்தான். கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை நெல் 40 கிலோ. 100 மூட்டை ஏற்றினால் 4 டன். நான்கு சக்கர டிரெய்லர் என்றால், நெல்லின் எடை மட்டுமே டயருக்கு 1,000 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை தனி.

எப்படி வெடிக்கிறது?

ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அந்த இடம் சூடாகும். காற்று குறைந்த டயரிலும் இதேதான் நடக்கிறது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் டயரின் பக்கவாட்டுப் பகுதி அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. உள்ளே சூடு ஏறி, ரப்பரும் நைலான் இழை அடுக்குகளும் மெல்லப் பிரியத் தொடங்குகின்றன. அதிகச் சுமையும் வேகமும் வெயிலும் அந்தச் சூட்டைக் கூட்டுகின்றன.

இன்னொரு எதிரி, வயது. அறுவடைக் காலம் முடிந்ததும் டிரெய்லர் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கிறது. ஓடாததால் பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பார்வைக்கு நன்றாக இருப்பதால் அப்படியே 100 மூட்டையை ஏற்றிவிடுகிறோம்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சுற்றுலா டிரெய்லர்களுக்கும் இதே பிரச்னை உண்டு. வருடத்தில் பல மாதங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டு, விடுமுறை வந்ததும் முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் கிளம்புபவை அவை.

டயர் விஷயம் அங்கே பெரிய விவகாரமாகவே வெடித்திருக்கிறது. தங்கும் வசதி கொண்ட சுற்றுலா வாகனங்களில் பொருத்தப்பட்ட குட்இயர் ‘ஜி159’ ரக டயர்கள் சுமார் 1,73,000-ஐ 2022-ல் அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. இந்த டயர்கள் பழுதானதால் 8 பேர் இறந்ததாகவும் 69 பேர் காயமடைந்ததாகவும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கூறியது. நிறுவனமோ, டயரில் குறை இல்லை, காற்றுக் குறைவும் அதிகச் சுமையும்தான் காரணம் என்றது. அவை தயாரானது 1996 முதல் 2003 வரை என்பதால், திரும்பப் பெறும்போது பெரும்பாலானவை பயன்பாட்டிலேயே இல்லை!

சீசனுக்கு முன் பார்க்க வேண்டியவை

* தயாரிப்புத் தேதி: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். பழைய டயர் வாங்கும்போது பட்டனுக்கு முன் இதைப் பாருங்கள்.

* சுமை, வேகம்: அருகிலேயே ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 110 என்றால் அந்த டயர் 1,060 கிலோ தாங்கும். 120 என்றால் 1,400 கிலோ. ‘ஏ8’ என்றிருந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம்தான் அதன் எல்லை.

* பட்டன்: சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். இழை வெளியே தெரிந்தாலோ, பக்கவாட்டில் புடைத்திருந்தாலோ அந்த டயரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

* காற்று: ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்று அதிகமாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிடக் கூடாது. ஆறியதும் அளவு குறைந்துவிடும்.

* ரீட்ரெட்: மேலே போட்ட பட்டன் புதிது. உள்ளே இருக்கும் கூடு பழையது. நம்பகமான இடத்தில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

வெடித்த பிறகுதான் பெரிய ஆபத்து

பகலில் டயர் போனால் செலவும் அலைச்சலும். இரவில் போனால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பின்விளக்கு எரியாத டிரெய்லர் சாலையில் நின்றால், பின்னால் பைக்கில் வருபவருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். கல்லையும் மரக்கிளையையும் வைத்தால் அதுவே இன்னொரு விபத்துக்குக் காரணமாகும். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி, எச்சரிக்கை முக்கோணம் ஒன்றையும் டிராக்டரில் வைத்துக்கொள்ளலாம்.

சுமை டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு. ஆனாலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் அதில் பயணிப்பதை இன்றும் பார்க்கிறோம். டயர் கிழிந்து வண்டி கவிழ்ந்தால், நெல் மூட்டையை அள்ளிக் கட்டிவிடலாம். அவர்களுக்குப் பிடித்துக்கொள்ளக்கூட அங்கே எதுவும் இல்லை.

வரும் அறுவடைக்கு டிராக்டரை சர்வீஸ் விடும் நாளில், டிரெய்லரையும் கூடவே இழுத்துக்கொண்டு போங்கள்.