கரும்பொருளும் நம்ம பெருமையும்

கரும்பொருள்னு செய்தி வந்தாலே நம்மாளுங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிடறாங்க. ஒண்ணு, 'கண்டுபிடிச்சாச்சு' கோஷ்டி. இன்னொண்ணு, 'நம்மாளு அப்பவே கண்டுபிடிச்சுட்டான், வெள்ளைக்காரன் அமுக்கிட்டான்' கோஷ்டி. ரெண்டுக்கும் ஒரு குட்டு வைக்கலாம்னுதான் இந்தப் பதிவு.

முதல் கோஷ்டிக்கு: கரும்பொருள் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி அழிஞ்சா பாசிட்ரான் வரலாம்கிறது கணக்கு. 2008-ல் பமேலா கருவி, 2013-ல் விண்வெளி நிலையத்தோட ஏ.எம்.எஸ். கருவி, ரெண்டும் எதிர்பார்த்ததைவிட அதிக பாசிட்ரானைப் பார்த்தது நிஜம். ஆனா பல்சார் நட்சத்திரங்களும் அதே பாசிட்ரானைக் கக்கும். தாம்பரம் மார்க்கெட் பக்கம் பிரியாணி வாசனை வருதுங்க. எந்தக் கடைன்னு வாசனையை மட்டும் வச்சு சொல்லிடுவீங்களா?

ரெண்டாவது கோஷ்டிக்கு: கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே நடந்த நியூட்ரினோ சோதனையில் சில விசித்திரமான தடங்கள் பதிவாச்சு. பாறைக்குள்ள இல்லாம, வெறும் காத்துல ஏதோ துகள் சிதைஞ்ச மாதிரி! நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2013-ல் சொன்னது இதுதான்: புரோட்டானைப்போல 5 முதல் 10 மடங்கு எடையுள்ள கரும்பொருள் துகள் தானா சிதைஞ்சதால அது வந்திருக்கலாம். கவனிங்க, 'இருக்கலாம்'. யாரும் அமுக்கலை. விரல்விட்டு எண்ணக்கூடிய தடங்களை வச்சு யாரும் முடிவு சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

அப்ப என்ன பண்ணணும்? இன்னும் பெரிய கருவியை மலைக்கடியில வச்சுப் பார்க்கணும். தேனி பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துல அதுக்கு வாய்ப்பு இருந்துச்சு. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலேயே வேண்டாம்னு சொல்லிடுச்சு.

காடு, தண்ணீர், புலி வழித்தடம்னு கேட்டவங்க கேள்வி நியாயமானது. அதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும், வேற இடம்கூட தேடலாம். என் கோபம் அவங்க மேல இல்லை. 'நியூட்ரினோ வந்தா கேன்சர் வரும்'னு பீதி கிளப்பினாங்களே, அவங்க மேலதான். சூரியன்லேர்ந்து மட்டும் நொடிக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோ நம்ம உடம்பு வழியா போய்ட்டுதான் இருக்கு சாமி! ஆய்வகம் அதைத் தயாரிக்கப் போறதில்லை, வர்றதைப் பார்க்கத்தான் போகுது.

காலையில 'தமிழன் கண்டுபிடிப்பு'ன்னு ஃபார்வர்டு, சாயங்காலம் 'ஆய்வகத்தை மூடு'ன்னு ஃபார்வர்டு. ரெண்டையும் ஒரே ஆள் அனுப்பினா எப்படிங்க? கோலார் தடங்கள் மேல நிஜமாவே பெருமை இருந்தா, அதைச் சோதிச்சுப் பாருங்கன்னு முதல்ல கேளுங்க. சோதனையில தோத்தாலும் அது அறிவியல்தான். சோதிக்காத பெருமை வெறும் சவடால்.

டிஸ்கி: திட்டணும்னா தாராளமா திட்டுங்க, ஆனா பதிவை முழுசா படிச்சுட்டு!