பாய்லர் கொல்லையிலேயே இருக்கட்டும்

விலைவாசி, வரி, தராசு முத்திரை என்று எழுதிவந்த நான் இம்முறை வெந்நீர்ப் பாய்லரைப் பற்றி எழுதுகிறேன். "மளிகைக் கடைக்கும் பாய்லருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கரி மூட்டை விற்பவர்கள் நாம்தானே!

நான் உதகையில் மொத்த வியாபாரம் செய்பவன். ஏழாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள ஊர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. எங்கள் பழைய வீட்டில் குளியலறைக்குள்ளேயே செம்புப் பாய்லர் இருந்தது. அடியில் கரி அடுப்பு, நடுவில் புகைக்குழாய். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக வெந்நீர் வரும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திக்கொண்டு குளிப்போம். அறை கதகதப்பாக இருக்கும். அந்தச் சுகத்தில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது.

1987 டிசம்பரில் ஒரு நாள், குளிக்கப் போன என் தம்பி மகன் வெகுநேரமாகியும் வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. கதவை உடைத்துத் தூக்கிவந்து வெளிக்காற்றில் கிடத்தினோம். ஆண்டவன் புண்ணியம், பிழைத்தான். இரண்டு நாள் தலைவலி தீரவில்லை. டாக்டர்தான் காரணம் சொன்னார். காற்றோட்டம் இல்லாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், மயக்கம். தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான்.

அந்த மாதமே கொல்லையில் ஆறடிக்கு ஐந்தடியில் ஒரு தகர ஷெட் போட்டுப் பாய்லரை அங்கே கொண்டுபோனேன். தொட்டியிலிருந்து தண்ணீர் வர ஒரு குழாய், குளியலறைக்கு வெந்நீர் போக ஒரு குழாய். என் தகப்பனார் கோபித்துக்கொண்டார். "பதினைந்து அடி குழாயிலேயே சூடெல்லாம் போய்விடும், வீண் செலவு" என்றார். நாம் கணக்குப் பார்க்கும் ஜாதி, பார்த்துவிடுவோம். 15 அடி நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டர்கூட இராது. முதல் சொம்பு ஆறியிருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். குழாயின்மேல் பழைய சாக்கைச் சுற்றி, மழை படாமல் பிளாஸ்டிக் தாளால் கட்டினேன். சாக்குக்கு நம்மிடம் பஞ்சமா?

ஷெட் போடுகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சுவரில் கீழும் மேலும் காற்று போக வழி விடுங்கள். புகைக்குழாய் கூரைக்கு மேலே போகட்டும். விறகைப் பாய்லரை ஒட்டி அடுக்காதீர்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் பற்றவைக்காதீர்கள். நீராவி வெளியேறும் குழாய் தொட்டியைவிட உயரமாக, வாய் திறந்தே இருக்க வேண்டும். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு பெருகும். அடைத்து வைத்தால் வெடிக்கும்.

இப்போது கரி குறைந்து கேஸ் கெய்சர் வந்துவிட்டது. அதுவும் நெருப்புதான். அதையும் குளியலறைக்கு வெளியே மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். கீழே காற்று வழி வேண்டும் என்று சொன்னது அதற்கும்தான்.

இதில் நம் கடைகளுக்கும் பாடம் உண்டு. இரவில் ஷட்டரை இழுத்துவிட்டுக் கரி அடுப்பை அருகில் வைத்துக்கொண்டு தூங்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் போனால் பின்னறையிலேயே ஜெனரேட்டர் ஓட்டும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அதன் புகையிலும் இதே விஷவாயு உண்டு. சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். உள்ளே படுத்திருக்கும் உயிருக்கு என்ன செய்திருக்கிறோம்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கரி விற்கும்போது, "மூடிய அறையில் வைக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அதற்குக் காசு செலவில்லை. அன்று ஷெட்டுக்கு ஆன செலவை நான் எந்த நாளும் நஷ்டக் கணக்கில் எழுதியதில்லை. என் தம்பி மகன்தான் இன்று எங்கள் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்.