தாத்தாவின் ஈசி சேரில் மிச்சமிருந்தது ஒரு கை

எங்கள் வீட்டுப் பரணில் நீளமாக ஒரு தேக்குக் கட்டை கிடந்தது. தாத்தாவின் ஈசி சேரில் மிச்சமான ஒரு கை அது. பிரம்பு பிய்ந்து, கால் ஆடிப்போன பிறகு, ஒரு மார்கழியில் மீதியெல்லாம் வெந்நீர் அடுப்புக்குள் போய்விட்டது. ஓசூர் குளிர்தான் உங்களுக்குத் தெரியுமே! "மூணு நாள் நின்னு எரிஞ்சது" என்று பாட்டி இன்னமும் பெருமையாகச் சொல்வார்.

சண்டிகர் நாற்காலிகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. 1950-களில் அந்த நகரம் உருவானபோது, கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே அங்கிருந்த அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்தவை அவை. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலைகீழ் 'வி' போன்ற கால்கள். உள்ளூர்த் தச்சர்களே செய்யும்படி எளிமையான வேலை. பிற்பாடு அவற்றை மொட்டை மாடிகளில் குவித்து, பழைய சாமான் விலைக்கு ஏலம் விட்டார்கள். வாங்கிப்போன வெளிநாட்டு வியாபாரிகள் பழுது பார்த்து, பாரிஸ், லண்டன் ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். முதுகில் பெயின்ட்டால் எழுதிய அலுவலக எண் அழியாமல் இருந்தால் கிராக்கி இன்னும் அதிகம். 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. அதற்குள் நிறைய சேர்கள் கப்பலேறிவிட்டன.

இப்போது நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூருவில் உள்ள ஃபேன்டம் ஹேண்ட்ஸ் என்ற நிறுவனம் அதே பாணிச் சேர்களைக் கைவினைஞர்களை வைத்துத் திரும்பச் செய்கிறது. 'ஸ்டேட்மென்ட் சேர்' என்கிறார்களே, ஹாலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற அந்த ஒற்றை நாற்காலி, அந்த வகை. நம் ஊரில் புது ஃபிளாட் வாங்கும் நண்பர்களும் இதைத்தான் தேடுகிறார்கள். பலர் வாங்கி வருவது தங்கப் பெயின்ட்டும் வெல்வெட்டும் போட்ட கல்யாண மேடை சிம்மாசனம். உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

நான் பரணிலிருந்த கையை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் ஓர் ஆசாரியிடம் போனேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். டம்ளர் வைத்து வைத்து வட்டமாகக் கறுத்த இடத்தில் விரல் நின்றது.

"யாருக்கும்மா சேரு?"

"அப்பாவுக்குங்க அண்ணா."

"அவரு உசரம் தெரியாம எப்படிம்மா சேரு செய்யறது? கூட்டிட்டு வா."

இத்தனை நாள் இணையத்தில் நூறு டிசைன் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. அப்பா சிப்காட்டில் முப்பது வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் கால் வீங்கும். ஆசாரி அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்காலுக்குப் பின்னாலிருந்து தரை வரை டேப் பிடித்தார். சாதாரண சேரின் உயரம் 45 சென்டிமீட்டர் என்றால், சாய்வு நாற்காலிக்கு 38 போதும் என்றார். கைக்கு அடியில் மடங்கியிருக்கும் பலகைகளை முன்பக்கம் திருப்பிவிட்டால் கால் நீட்டலாம். தோட்டத்துத் துரைமார் பங்களாக்களில் இருந்த பழைய மாடல் அது. செதுக்கு வேலை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இணைப்புகளில் ஆணி இல்லை. துளையும் நாக்கும்தான்.

பிரம்பில்தான் சிக்கல். ரெடிமேடாக நெய்த பிரம்பு ஷீட்டைக் காடியில் வைத்து அழுத்தினால் அரை நாளில் முடிந்துவிடும். கையால் பின்னுவது வேறு கதை. சட்டம் சுற்றிலும் துளை போட்டு, ஊறவைத்த பிரம்பு நாரை நீளம், அகலம், அப்புறம் இரண்டு குறுக்கு என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். நார் காயும்போது தானாக இறுகும்.  ஆசாரிக்குத் தெரிந்த ஒரே பின்னல்காரருக்குக் கண் புரை ஆபரேஷன். வர இன்னும் மூன்று வாரம் ஆகும். ஷீட் போட்டுவிடலாமா என்று ஆசாரி கேட்டார். காத்திருக்கிறேன் என்றேன். அட்வான்ஸாகவே என் சம்பளத்தில் பாதி போய்விட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்!

நேற்று சட்டம் பூட்டி முடிந்தது. வலது பக்கம் தாத்தாவின் பழைய கை, இடது பக்கம் புதிது. நிறம் ஒட்டவே இல்லை. பாலிஷ் போட்டு ஒன்றாக்கிவிடலாம் என்றார் ஆசாரி. அப்பா வேண்டாமென்றார். பின்னல் இல்லாத சட்டத்துக்கு நடுவே ஒரு பலகையைக் குறுக்கே போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த டீ டம்ளரை அந்தக் கறுத்த வட்டத்தின் மேல் வைத்தார்.