தோற்றவரும் நம்ப வேண்டும்!



எங்கள் ஊர் மாகறலில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் உத்திரமேரூர் வந்துவிடும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்வெட்டாகக் காணலாம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகள். நிலமும் வீடும் உள்ளவர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட முடிந்த முறை அது. ஆனாலும் அதில் ஓர் அருமையான விதி உண்டு. குடத்திலிருந்து சிறுவன் எடுக்கும் ஓலையை, ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை இல்லை என்பதைச் சபை முழுவதும் பார்க்கும்!

இன்று ஒரு நாட்டின் தேர்தலுக்குப் பிற நாடுகள் உதவுகின்றன. பணம், இயந்திரம், பயிற்சி, பார்வையாளர்கள் என்று பல வகை உதவிகள். மைசூரில் தயாராகும் அழியாத மைகூடப் பல நாடுகளுக்குப் போகிறது. இந்த உதவி எப்போது பலன் தரும்? நம் நாடு செய்த இரண்டு உதவிகளைப் பார்ப்போம்.

முதலாவது, சூடான். 1951-52இல் நம் முதல் பொதுத்தேர்தலை நடத்தியவர் சுகுமார் சென். 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் சின்னங்களை வைத்துத் தேர்தல் நடத்தினார். 1953இல் சூடானின் முதல் தேர்தலுக்கான ஆணையத்துக்கு அவரே தலைவர். ஏழு உறுப்பினர்களில் மூவர் சூடான்காரர்கள். தேர்தல் நடந்தது, 1956இல் சூடான் விடுதலை பெற்றது. ஆனால் 1958இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒரு தேர்தலை நடத்திக் கொடுத்தால் மட்டும் மக்களாட்சி வேரூன்றிவிடாது என்பது இதில் தெரிகிறது அல்லவா?

இரண்டாவது, நமீபியா. 2014இல் அந்நாடு இந்தியாவில் செய்த வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பயன்படுத்தியது. ஆப்பிரிக்காவில் அதுவே முதல் முறை. ஆனால், போட்ட வாக்கைச் சரிபார்க்கும் காகிதச் சீட்டு அவற்றோடு இல்லை. 2019 தேர்தலில் தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். காகிதச் சான்று இல்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது தவறு என்று 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்தல் முடிவு மாறவில்லை. ஆனால் 2020இலேயே நமீபியா மீண்டும் வாக்குச்சீட்டுக்குத் திரும்பியது. நம் நாட்டில் 2019 பொதுத்தேர்தலிலிருந்து எல்லா வாக்குச்சாவடிகளிலும் அந்தச் சீட்டு ஏழு விநாடிகள் கண்ணாடி வழியே தெரிகிறது.

இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பிவிடலாம். நம்பிக்கையை அப்படி அனுப்ப முடியுமா?

ஆசிரியராக இருந்தபோது நானும் தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். வாக்குச்சீட்டுக் காலத்தில், காலையில் முதல் வேலை, காலிப் பெட்டியைக் கவிழ்த்து எல்லாக் கட்சி முகவர்களுக்கும் காட்டுவதுதான். பிறகே சீல் வைப்போம். உத்திரமேரூர் உள்ளங்கையும் இந்தக் காலிப் பெட்டியும் சொல்வது ஒன்றுதான்.

ஆகவே, உதவ வரும் நாடுகள் தேர்தலுக்கு முதல் வாரம் வந்து இறங்கினால் போதாது. முன்கூட்டியே வர வேண்டும். அந்நாட்டு மக்களுக்கே பயிற்சி தர வேண்டும். முடிவை எவரும் சரிபார்க்க வழி வைக்க வேண்டும். தேர்தல் முடிந்த பிறகும் துணை நிற்க வேண்டும்.

உங்கள் வகுப்புத் தலைவர் தேர்தலில், எண்ணி முடித்ததும் தோற்ற மாணவரிடம் கேளுங்கள்: "நீயும் ஒரு முறை எண்ணிப் பார்க்கிறாயா?"