குற்றவாளி இனமா, சட்டமா?

ஒரு தேசம் வறுமையில் வீழ்ந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? ஆள்வோரா, ஆளப்படுவோரா? மேனாட்டுப் பொருளியற் பேராசிரியர் சிலர் இதற்குக் கண்டுபிடித்த விடை விந்தையானது. ஆளப்படுவோர் பல இனத்தவராய்ப் பிறந்ததே குற்றமாம்!

வில்லியம் ஈஸ்டர்லி, ரோஸ் லெவின் என்னும் இருவர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வழிக்குக் கால்கோளிட்டது. ஆபிரிக்காவின் பின்னடைவிற்குத் தீய அரசாங்கக் கொள்கைகள் காரணம் என்றும், அக்கொள்கைகள் விளைவதற்கு இனப் பன்மை பெருங்காரணம் என்றும் அவர்கள் எழுதினர். 2000ஆம் ஆண்டில் அக்கர்லொவ், கிரான்டன் ஆகியோர் 'அடையாளம்' என்பதைப் பொருளியற் சமன்பாட்டுக்குள்ளேயே புகுத்தினர். அன்றுதொட்டு, எந்த நோய்க்கும் அடையாளமே மூலம் என்று சொல்லும் வைத்தியர் கூட்டம் பெருகிவிட்டது.

இவர்கள் கையாண்ட அளவுகோலைப் பார்ப்போம். ஒரு நாட்டில் எழுந்தமானமாக இருவரைத் தெரிந்தால், அவர்கள் வெவ்வேறு இனத்தவராயிருக்கும் நிகழ்தகவே அது. 1997ஆம் ஆண்டின் ஆய்வுக்கு வேண்டிய இனக்கணக்கு, 1964இல் சோவியத் அறிஞர் தொகுத்த உலக மக்கள் வரைபடத் தொகுதியிலிருந்து பெறப்பட்டது. பத்துச் சம இனங்கள் வாழும் நாட்டிற்கு 0.9 புள்ளி, நூற்றுக்குத் தொண்ணூறும் பத்துமாக இரண்டு இனங்கள் வாழும் நாட்டிற்கு 0.18 புள்ளி. முன்னது பிளவுண்ட நாடு, பின்னது ஒன்றிய நாடு என்கிறது அளவுகோல். ஆனால், பின்னைய நாட்டிலே தொண்ணூறு பேர் கையுயர்த்திப் பத்துப் பேரின் காணியையும் உத்தியோகத்தையும் சட்டப்படியே பறித்துவிடலாம்! தராசு யார் கையில் இருக்கிறது என்பதை இவ்வளவுகோல் அறியாது.

சோமாலியாவைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம். 1991இல் அந்த அரசு சிதறியது. அங்கே குலப்பிரிவுகள் உண்டே என்பர். அப்படியாயின், இனத்தை எண்ணிய அளவுகோல் எதைத்தான் அளந்தது?

இனிக் கென்யாவையும் தன்சானியாவையும் நோக்குவோம். எட்வேர்ட் மிகுவெல் என்னும் பொருளியலாளர் இவ்விரு நாடுகளைச் சேர்ந்த இரு மாவட்டங்களை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார். கென்யாவில் இனங்கள் கலந்து வாழும் ஊர்களிற் பாடசாலைகளுக்குச் சேர்ந்த நிதி குறைவு. தன்சானியாவில் அக்குறை காணப்படவில்லை. இங்கும் பல இனம், அங்கும் பல இனம். வேறுபட்டது யாது? நியரேரேயின் ஆட்சி சுவாஹிலியைப் பொதுமொழியாக்கியது. அது எந்தப் பேரினத்தின் தாய்மொழியும் அன்று. ஆகையால் அதனால் எவரும் இரண்டாந்தரக் குடிகளாகவில்லை. கென்யாவின் ஆட்சியாளரோ சலுகைகளை இனம் பார்த்துப் பகிர்ந்தனர். விதை ஒன்றே, உழுதவன் வேறு.

நல்ல நிறுவனங்கள் இருந்தால் இனப்பிளவின் தீமை குறையும் என்று ஈஸ்டர்லியே 2001இல் எழுதினார். நன்று! அவ்வாறாயின் முதற்காரணமாக நிறுவனங்களையன்றோ நிறுத்தவேண்டும்? அணைக்கட்டை உடைத்தவனை விட்டுவிட்டு வெள்ளத்தின்மேல் வழக்குத் தொடுப்பது எந்த நீதி?

அடையாளத்தை ஆராயவே கூடாது என்பதன்று எமது வாதம். பேர்ட்ராண்ட், முல்லைநாதன் ஆகிய இருவர் அமெரிக்காவின் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி, 2004இல் முடிவை வெளியிட்டனர். தகைமை ஒன்றாயிருந்தும், வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட 50 வீதம் அதிகமான அழைப்புகள் வந்தன. இவ்வாய்வு கறுப்பனின் பிறப்பை விசாரிக்கவில்லை. வேலை கொடுப்பவனின் செய்கையை விசாரித்தது. ஆராய்ச்சிக்கு அழகு அதுவே.

எமது நாட்டிலும், 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதற்கு முதல்நாளும் மறுநாளும் சனத்தொகையின் இனவீதம் ஒன்றேதான், மாறியது சட்டம். அளவுகோல் அன்று அசைந்திராது. ஆனால் தமிழ் எழுதுவினைஞனின் உத்தியோகம் ஆட்டங்கண்டது. இதைக் காணாத கணிதம் எத்துணை நுட்பமானதாயினும் அது ஆள்வோருக்கு எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமேயாகும்.

இன அடையாளத்தைச் சொல்லிப் பேராசிரியர்கள் இனி விளக்கம் தரும்போது, படித்தோரும் கமக்காரரும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: சட்டத்தை இயற்றியவர் யார்?