எடை குறைக்கும் ஊசியில் எதை எடுப்பது?



எங்கள் லாத்தா நான்கு ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்தே தொழுது வருகிறார். வயது 54. எடை 92 கிலோ. சர்க்கரை நோய் வந்து 11 ஆண்டுகளாகின்றன. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. இரண்டாண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நெற்றி தரையில் படும்படி ஒரு ஸஜ்தா செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை இல்லை.

மூன்று மாதங்களுக்கு முன் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய மகன், உம்மாவுக்கென்று ஓர் ஊசிப் பேனாவைக் கொண்டு வந்தான். அதிலிருந்தது செமாகுளுடைடு. மருமகளோ, "அதைவிட டிர்செபடைடுதான் நிறையக் குறைக்குதாம் மாமி, அதையே வாங்குவோம்" என்றாள். இருவரும் கைபேசியில் கண்டவற்றை ஆதாரமாகக் காட்டி வாதிட்டார்கள். நடுவே அமர்ந்திருந்த லாத்தா என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ள, நீ சொல்லும்மா" என்றார். வரலாற்றில் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்துகிறவள் மருந்தைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்வது? டாக்டரிடம் போவோம் என்றேன். போவதற்கு முன் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன்.

நாம் உண்டதும் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்னும் சுரப்பு வெளிப்பட்டு, 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்கிறது. இரைப்பை மெல்லக் காலியாகும்படியும் அது செய்கிறது. ஆனால் இரத்தத்தில் அது சில நிமிடங்களே தங்கும். அதன் வேலையைச் செய்யும்படி, நெடுநேரம் நிலைக்குமாறு ஆக்கப்பட்டவையே இந்த மருந்துகள். லிராகுளுடைடு நாள்தோறும் போட வேண்டியது. செமாகுளுடைடு வாரம் ஒருமுறை போதும். அதுவே ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரை நோய்க்கும், வெகோவி என்ற பெயரில் உடல் பருமனுக்கும் விற்கப்படுகிறது. டிர்செபடைடும் வார ஊசிதான். இந்தியாவில் அதன் பெயர் மவுஞ்சாரோ. அது ஜி.ஐ.பி. என்ற இன்னொரு சுரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

மருமகள் சொன்னது பொய்யன்று. 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 751 பேருக்கு இவ்விரண்டையும் நேருக்கு நேர் கொடுத்துப் பார்த்தார்கள். 72 வாரங்களில் டிர்செபடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக 20.2 விழுக்காடும், செமாகுளுடைடு போட்டவர்களுக்கு 13.7 விழுக்காடும் எடை குறைந்தது. ஆனால் அவர்களில் ஒருவருக்கும் சர்க்கரை நோய் கிடையாது! சர்க்கரை நோயாளருக்குப் பலன் குறைவாகவே இருக்கிறது. அவர்களை மட்டும் வைத்து நடந்த தனித்தனி ஆய்வுகளில் செமாகுளுடைடுக்கு 9.6 விழுக்காடும், டிர்செபடைடின் உச்ச அளவுக்கு 14.7 விழுக்காடும் கிடைத்தன. லாத்தாவின் 92 கிலோவில் இது முறையே ஏறத்தாழ 9 கிலோவும் பதின்மூன்றரைக் கிலோவும் ஆகும்.

டாக்டர் எடுத்த எடுப்பில் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. குடும்பத்தில் எவருக்கேனும் தைராய்டுப் புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, கண் விழித்திரையைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று வரிசையாகக் கேட்டார். விழித்திரையைச் சோதித்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. "அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நெடுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரை திடீரென்று இறங்கினால், ஏற்கெனவே பழுதுபட்ட கண் மேலும் பழுதாகலாம்" என்றார். மகன் கொண்டு வந்த பேனாவை வாங்கிப் பார்த்தவர், எப்படி வைத்திருந்தீர்கள் என்று வினவினார். பெட்டியில் போட்டு விமானத்தில் வந்தது. வீட்டில் இரண்டு நாள் அலமாரியில் கிடந்தது. பயன்படுத்தத் தொடங்காத பேனா 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டுமாம். உறைந்ததா வெந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதாகையால் அதை எறிந்துவிடச் சொன்னார். மகனுக்கு முகம் வாடிப்போயிற்று.

கண் சோதனையில் தொடக்கநிலைப் பழுது தெரிந்தது. கண் டாக்டர், ஊசி போடலாம், ஆனால் நான்கு மாதத்திற்கொருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். முடிவில் எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது, குறைவாக எடை குறைக்கும் செமாகுளுடைடைத்தான்! ஸ்டென்ட் வைத்தவர் என்பதே முதற்காரணம். சர்க்கரை நோயில்லாத, பருமனும் இதய நோயும் உடைய 17,604 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவற்றை அது 20 விழுக்காடு குறைத்தது. சர்க்கரை நோயாளரிடம் அதற்கு முன்பே, 2016இல், இத்தகைய பலன் தெரிந்திருந்தது. டிர்செபடைடும் இதயத்திற்குக் கேடற்றது என 2025இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எனினும் நெடுநாள் பார்த்த மருந்தையே இவருக்குத் தர விரும்புவதாகச் சொன்னார். முழங்கால் தேய்ந்த பருமனுள்ளோரிடம் செமாகுளுடைடு வலியைத் தணித்ததாக 2024இல் வந்த செய்தியையும் குறிப்பிட்டார். லாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். குறட்டையும் மூச்சுத் தடையும் முதன்மையாக உள்ள வேறொருவராக இருந்தால் டிர்செபடைடைத் தேர்ந்திருப்பேன் என்றும் அவர் கூறினார்.

பணக் கணக்கையும் அவரே எடுத்தார். டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். மாதத்திற்கு நான்கு வேண்டும். செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரையில்தான் என்பதால், சென்ற ஆண்டு கேட்ட விலையை மனத்தில் வைத்துக்கொண்டு எவரும் முடிவெடுக்க வேண்டாம். விலையைவிடப் பெரிய கேள்வி, எத்தனை காலம் போடுவது என்பது. ஊசியை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதை ஆய்வு காட்டியிருக்கிறது. மூன்று மாதம் நகையை வைத்து வாங்கிவிட்டு நான்காம் மாதம் கைவிடுவது வீண் செலவு.

கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடுமாம். 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்திற்கொரு படியாக ஏற வேண்டும். குமட்டல் வரும், சிலருக்கு வாந்தியும் மலச்சிக்கலும் வரும். குறைகிற எடையில் சதையும் சேர்ந்து போவதால் முட்டையும் மீனும் பருப்பும் தவறக் கூடாது.

மதரஸாவில் என்னைக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பன்றியின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்த காலத்தை நினைத்துப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். செமாகுளுடைடின் மூலப்பொருள் ஈஸ்ட்டிலிருந்து ஆக்கப்படுகிறது. டிர்செபடைடு வேதியியல் முறையில் செய்யப்படுவது. ஊட்டம் தராத மருந்தூசி நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்திருக்கிறது. ஆயினும் குமட்டலோடு நோன்பு வைத்தால் உடலில் நீர் வற்றும். ஊசியை ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கி உடலுக்குப் பழக்கிவிட வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும். டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவு கூடும்போதும் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். நிக்காஹ் படத்திற்காக 60 கிலோவை 52 ஆக்க ஊசி கேட்கும் நம் பிள்ளைகளை என்ன சொல்ல! அவர்களுக்காக வந்த மருந்தல்ல இது.

இந்த வாரம் லாத்தாவுக்கு ஏழாவது ஊசி. இரண்டே முக்கால் கிலோ குறைந்திருக்கிறது. முதல் பத்து நாள் மீன் குழம்பின் வாசனையே ஆகாமல் அடுப்படிப் பக்கம் வராதிருந்தவர், இப்போது மீண்டும் அங்கே அதிகாரம் செய்கிறார். தொழுகை இன்னமும் நாற்காலியில்தான்.