தானம் என்று சொல்லாதீர்கள்

'கருமுட்டை தானம்' என்ற சொல்லில் கருமுட்டையோடு எனக்குத் தகராறு கிடையாது. தகராறெல்லாம் அந்தத் 'தானம்' மேல்தான்.

நம்மூரில் தானம் என்றால் கர்ணன். கவசத்தையும் குண்டலத்தையும் உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்தவன். அவனிடம் வாங்கிக்கொண்ட இந்திரன்கூட வெறுங்கையோடு அவனை அனுப்பவில்லை, சக்தி ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனான். தேவராஜனுக்கே உறுத்தியிருக்கிறது. நமக்குத்தான் உறுத்தவில்லை.

இந்தத் தானத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பத்து நாளுக்குமேல் தினமும் ஹார்மோன் ஊசி. மாதத்துக்கு ஒன்று பழுக்கவேண்டிய முட்டை, ஒரே நேரத்தில் பல பழுக்கவேண்டும். இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கடைசியாக ஒரு ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, யோனி வழியாக ஊசியைச் செலுத்திச் சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு நாளில் எழுந்து நடமாடிவிடுவார்கள். சிலருக்குச் சினைப்பை அளவுக்குமீறித் தூண்டப்பட்டு வயிறு உப்பி நீர் கோத்துக்கொள்ளும். அது முற்றினால் ரத்தம் உறையும், சிறுநீரகம் பாதிக்கும், உயிரும் போகலாம். 2010இல் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருத்தி கருமுட்டை கொடுத்த இரண்டு நாளில் இறந்துபோனாள்.

ஆண் செய்யும் தானத்துக்குச் சில நிமிடமும் ஒரு அறையும் போதும். அதற்கு 'விக்கி டோனர்' என்று இந்தியில் ஒரு படம், அதைத் தழுவித் தமிழில் 'தாராள பிரபு'. பேரே பிரபு! கருமுட்டை கொடுத்தவளை நாயகியாக்கி அப்படிக் கலகலப்பாக ஒரு தமிழ்ப் படம் வந்ததாக எனக்கு நினைவில்லை. அவள் செய்திகளில்தான் வருவாள், அதுவும் ஏதாவது விபரீதம் நடந்தபிறகு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஐவிஎஃப் சிகிச்சையில் மருத்துவருக்குக் கட்டணம் உண்டு. மயக்க மருந்து கொடுப்பவருக்கு உண்டு. ஆய்வகத்துக்கு உண்டு, மருந்துக் கம்பெனிக்கு உண்டு, வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குக்கூடச் சம்பளம் உண்டு. 'நாங்க சேவை பண்றோம், காசு எதுக்கு'ன்னு அவர்களில் யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டியதும் இல்லை, உழைப்புக்குக் கூலி வாங்குகிறார்கள். அந்த அறையில் ஒரே ஒருத்தியிடம் மட்டும்தான் தியாகத்தை எதிர்பார்க்கிறோம். மேசைமேல் படுத்திருப்பவளிடம்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறது. கொடுப்பவளுக்கு வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைக்குமேல் எடுக்கக்கூடாது. ஒருத்தியின் முட்டை ஒரு தம்பதிக்கு மட்டும். பெற்றுக்கொள்ளும் தம்பதி அவளுக்கு 12 மாதக் காப்பீடு எடுக்கவேண்டும். நல்ல விதிகள், நான் மறுக்கவில்லை. ஆனால் முட்டையை விற்பது குற்றம். அவளுடைய இரண்டு வாரத்துக்கும் வலிக்கும் அந்தச் சட்டத்தில் விலை கிடையாது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு புதுப் பெண் வேண்டும். அவள் திரும்ப வரக்கூடாது. காசும் வாங்கக்கூடாது. முன்பின் தெரியாதவர்களுக்காகத் தினம் ஊசி குத்திக்கொள்ளும் இத்தனை பெண்கள் எங்கிருந்து வருவார்கள்? சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. புரோக்கர் கேட்பான். பதிலும் அவனிடம் இருக்கும். தடைபோட்டால் காசு நின்றுவிடாது, மேசைக்கு அடியில் போகும். அடியில் போகும் காசில் அவளுக்கு எவ்வளவு, இடையில் இருப்பவனுக்கு எவ்வளவு என்று எழுதிவைக்க ஆள் கிடையாது.

'காசு கொடுத்தா ஏழைப் பொண்ணுங்கதான் மாட்டுவாங்க, ஈரோட்ல நடந்தது மறந்துபோச்சா' என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2022 ஜூனில் வெளியே வந்தது அந்த வழக்கு. 16 வயதுச் சிறுமி. ஆதாரில் வயதைக் கூட்டி, பெற்ற தாயே பலமுறை கருமுட்டை விற்கவைத்த கொடுமை. அதை நடக்கவிட்டது எது? ஒரு சிறுமியின் முகத்தைப் பார்த்தும் அட்டையை மட்டும் நம்பிய கண். போன தடவை எங்கே எடுத்தார்கள் என்று சொல்ல ஒரு பதிவேடு இல்லாதது. பணம் அவள் கைக்கு வராமல் மற்றவர்கள் கைக்குப் போனது. இந்த மூன்றையும் 'தானம்' என்ற சொல் சரிசெய்யாது. சித்தாள் வேலையில் சுரண்டல் இருக்கிறது என்பதற்காகக் கூலியை ஒழித்துவிடலாம் என்று யாரும் பேசுவதில்லை. கூலியை நிர்ணயம் பண்ணு, நோட்டில் ஏற்று, அவள் கையில் கொடு என்றுதான் கேட்கிறோம்.

பிரிட்டனிலும் கருமுட்டை விற்பனைக்குத் தடைதான். ஆனால் கொடுப்பவளின் நேரத்துக்கும் சிரமத்துக்கும் ஈடாக ஒரு தொகையை அரசு அமைப்பே நிர்ணயித்திருக்கிறது. 2012 முதல் ஒரு சுழற்சிக்கு 750 பவுண்டு, 2024இல் அதையும் உயர்த்தினார்கள். எல்லோருக்கும் ஒரே தொகை என்பதுதான் அதில் முக்கியம். முட்டைக்கு இவ்வளவு என்று வைத்தால் அதிக முட்டைக்காக அதிக மருந்து ஏற்றுவார்கள். நிறத்துக்கும் சாதிக்கும் விலை வைத்தால் அது கல்யாணச் சந்தையின் கிளைக் கடையாகிவிடும். இரண்டும் வேண்டாம். அவள் படும் பாட்டுக்கு ஒரு தொகை, நேராக அவள் வங்கிக் கணக்குக்கு. முட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அங்கே குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும்.

'இதையே மொத்தமா நிறுத்திட்டா என்ன' என்று கேட்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. புற்றுநோய் மருந்தில் சினைப்பை செயலிழந்தவளுக்கும், முப்பதிலேயே மாதவிலக்கு நின்றுபோனவளுக்கும், தன் வயிற்றில் ஒரு குழந்தையைச் சுமக்க இன்னொருத்தியின் முட்டைதான் வழி. 'மலடி' என்ற சொல்லை இன்னும் செத்துப்போகவிடாத ஊரில் அவளைப் பார்த்து 'தத்தெடுத்துக்கோ, முடிஞ்சுது' என்று சொல்வது சுலபம். சொல்கிறவருக்கு.

இரண்டு பெண்களும் வேண்டும். ஒருத்தியின் ஆசைக்காக இன்னொருத்தியைத் தெய்வமாக்க வேண்டாம். தெய்வத்துக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை, அதனால்தான் பெண்களைத் தெய்வமாக்குவதில் நமக்கு இத்தனை அவசரம். அவளை மனுஷியாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயரில் ரசீது போடுங்கள்.